பஸ் ஏறாத புதன்கிழமை

கணக்கெடுக்க ஆள் வருகிறது என்றால் இருப்பதை மறைக்க வேண்டும். நத்தமேட்டில் இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். சிவப்பு கார்டு ஏழைக்கு, மஞ்சள் கார்டு வசதியானவனுக்கு என்று ரேஷனில் பிரித்து வைத்த நாளிலிருந்து வந்த பழக்கம். கார்டைச் சரிபார்க்க ஆபீசர் கோரிமேட்டைத் தாண்டிவிட்டார் என்று போன் வந்தால் போதும், தெருவில் நிற்கிற மோட்டார் பைக்கெல்லாம் கரும்புக் கொல்லைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். வாஷிங் மெஷின்மேல் பழைய புடவையைப் போர்த்தி, அதன்மேல் சாமி படத்தை நிறுத்திக் குங்குமமும் வைத்துவிடுவார்கள். வந்த ஆபீசர் கும்பிட்டுவிட்டுப் போவார். பொய் சொல்கிறோம் என்கிற கூச்சம் இதில் யாருக்கும் கிடையாது. தவணையில் வாங்கின மெஷினைக் காட்டிவிட்டுக் கார்டுக்கு வருவதை விட்டுக்கொடுக்க நத்தமேட்டு ஜனங்களுக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது?

பஸ் விஷயத்தில் அன்னக்கிளி செய்த காரியமும் அந்தப் பழக்கத்தில் விளைந்ததுதான்.

அன்னக்கிளி பாண்டி டவுனில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்க்கிறாள். தெருவில் அவளைப் போல ஏகப்பட்ட பெண்கள். செந்தமிழ்ச்செல்வி புல்வார் என்கிற பழைய பிரெஞ்சு டவுனுக்குள்ளே ஒரு கெஸ்ட் ஹவுஸில் படுக்கை விரிக்கிறாள். மாலா டவுனில் உப்பளம் பகுதியில் ஒரு ஆபீஸில் டீ போட்டுக் கொடுத்து, டம்ளர் கழுவி, மேசை துடைக்கிறாள். எல்லாரும் விடிவதற்குள் கிளம்பும் முதல் டிரிப் பஸ்ஸில்தான் போகவேண்டும். அடுத்த பஸ்ஸில் போனால் வேலைக்கு வேறு ஆள் நின்றுகொண்டிருப்பாள். ஆண்களுக்கு பைக் இருக்கிறது, பெண்களுக்கு இந்த பஸ்தான். அன்னக்கிளியின் புருஷன் சாமிக்கண்ணு அரைக்காணி நிலத்தையும் இரண்டு மாட்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவன். மழை பெய்தால் நஷ்டம், பெய்யாவிட்டாலும் நஷ்டம். வீட்டில் மாசம் தவறாமல் வருவது அன்னக்கிளி சம்பளம் ஒன்றுதான்.

இந்த நிலையில்தான் அபி வந்தாள். எம்.ஏ. எகனாமிக்ஸ் படித்த உப்பளத்துப் பெண், ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெண்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசினாள்.

“சுத்துப்பட்டு கிராமத்துலேர்ந்து டவுனுக்கு வேலைக்கு வர்றவங்க எப்டி வர்றாங்க, பஸ்ஸுக்கும் வேலைக்கும் இன்னா சம்பந்தம்னு ஆராய்ச்சி பண்றோம்கா. உங்க கஷ்டத்தையெல்லாம் பதிவு பண்ணப்போறோம். புதன்கிழமை முதல் டிரிப்ல நானே உக்காந்து, எந்த ஸ்டாப்புல எத்தினி பேரு ஏர்றாங்கன்னு எண்ணுவேன்.”

ஒரு விஷயத்தை அவள் சொல்லவில்லை. காலியாக ஓடும் டிரிப்புகளை நிறுத்திவிட்டு அந்த பஸ்ஸை வேறு பக்கம் விடலாமா என்று மேலே ஒரு பேச்சு இருந்தது. எது நிற்கும், எது ஓடும் என்பது இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான். இதை முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் ஆளைச் சேர்த்துக்கொண்டு வந்து ஏறுவார்கள், கணக்கு சாய்ந்துவிடும், வாயைத் திறக்காதே என்று அவளுடைய சார் கட்டளை போட்டிருந்தார். கணக்கு இந்தப் பக்கமும் சாயும் என்று சாருக்கும் தோன்றவில்லை, அபிக்கும் தோன்றவில்லை.

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் மாலா கேட்டாள். “கஷ்டத்தைப் பதிவு பண்ணுதாமே. அப்ப எதனா குடுப்பாங்களாக்கா?”

“குடுக்காம எதுக்கு எழுதுறாங்க?” என்றாள் அன்னக்கிளி. “நல்லா யோசிச்சுப் பாருங்கடி. புதன்கிழமை நாம இன்னா பண்ணுவோம்? தலையில பூவ வச்சிகினு, டிபன் பையைத் தூக்கிகினு, சிரிச்சிப் பேசிகினு பஸ்ல ஏறி உக்காருவோம். அது பாத்துகினே இருக்கும். இவளுங்களுக்கு இன்னா கஷ்டம், ஜம்முனு பஸ்ல போறாளுங்கன்னு எழுதிகினு பூடும்.”

“அதான?” என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

“அன்னிக்கு ஒருத்தியும் பஸ் ஏறக்கூடாது. ஸ்டாப்புல ஈ காக்கா இருக்கக்கூடாது. பஸ் இருந்தும் எங்களுக்கு ஆவல, நாங்க நாயா பேயா அலைஞ்சி வேலைக்குப் போறோம்னு அது எழுதணும்.”

இத்தனை தெளிவாக ஒருத்தி பேசினால் எதிர்ப்பேச்சு எங்கிருந்து வரும்? சாமிக்கண்ணு மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, “பாவாடைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்கடி” என்றான். பாவாடை அந்த பஸ்ஸின் டிரைவர்.

“அந்தாளுகிட்ட சொன்னா மைக் செட்டு கட்டின மாதிரி. நீ போய் மாட்டைப் பாருய்யா.”

புதன்கிழமை வந்தது. பெண்கள் எல்லாரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். பஸ் வந்து நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. கொத்தனார் வேலைக்குப் போகிற பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் அபி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டாப்பில் யாரும் இல்லை. பாவாடை ஹார்ன் அடித்தார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் அடித்தார். கண்டக்டர் கலைவாணன் இறங்கித் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தான்.

“யாரையும் காணோம்ணா.”

“மணி ஆயிடுச்சேடா. இன்னும் கொஞ்சம் பாப்போம்.”

தொட்டிக்குப் பின்னாலிருந்து அன்னக்கிளி பாவாடையைப் பார்த்தாள். ஒருத்தி ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் எத்தனை நேரமானாலும் நிற்கிற மனுஷன். மழை நாளில் ஸ்டாப்பை விட்டுவிட்டுத் தெரு வரைக்கும் பஸ்ஸைக் கொண்டு வருவார். அவரை இப்படி ஹார்ன் அடிக்கவைத்து வேடிக்கை பார்ப்பது, வாசலில் வந்து கூப்பிடுகிற சொந்தக்காரனுக்குக் கதவைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“அக்கா, பாவமா இருக்குதுக்கா” என்றாள் மாலா.

“வாய மூடு.”

பஸ் போய்விட்டது. பெண்கள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, முன்பே பேசி வைத்திருந்த நாராயணசாமியின் டிராக்டரில் ஏறினார்கள். முந்தின நாள் எரு அடித்த டிரெய்லர். வயலோரமாகவே ஊர்ந்து ஊர்ந்து கதிர்காமம் வந்து சேர்வதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிட்டது. அங்கிருந்து ஆளுக்கொரு டெம்போ பிடித்தார்கள். நர்சிங் ஹோமில் சூப்பர்வைசர் அன்னக்கிளிக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டினாள். மாட்டுக் கொட்டகையிலிருந்து நேரே வருகிறாயா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்கவும் செய்தாள். கஷ்டம் பதிவாகிவிட்டது என்கிற திருப்தியில் அன்னக்கிளி அன்றைக்குத் தரையைக்கூடச் சந்தோஷமாகத் துடைத்தாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் வழக்கம்போல ஒன்று சேர்ந்து ஊர் பஸ்ஸில் ஏறினார்கள். சாயங்கால வண்டிக்கு வேறு டிரைவர். அவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“ஏம்மா, சாவு வீட்ட வுட்டுட்டு எல்லாருமா வேலைக்கு வந்துட்டீங்க?”

“எந்த சாவு வீடு?” என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

“உங்க தெருவுலதான். பாவாடை டூட்டி மாத்தும்போது சொன்னாரு. ரோஜா மாலை வாங்கிகினு கண்டக்டரையும் இட்டுகினு மத்தியானமே கிளம்பிட்டாரே.”

உடனே எல்லாருடைய கையிலும் போன் வந்தது. அன்னக்கிளி சாமிக்கண்ணுவுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. செந்தமிழ்ச்செல்விக்கு மாமியார் கிடைத்தாள். அந்தக் கிழவிக்குக் காது கேட்காது. தான் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாள்.

“மாலையோட ஆளுங்க வந்துருக்குது. சாமிக்கண்ணு வூட்டு வாசல்ல குந்திகினு இருக்குதுங்க. நீ சீக்கிரம் வா” என்று கத்திவிட்டு வைத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

அன்னக்கிளி அழவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். காலையில் அவனிடம் கடைசியாக என்ன சொன்னோம் என்று யோசித்தாள். ‘நேத்து சோறு மீந்து கெடக்குது, கொட்டாம துன்னு.’ அவ்வளவுதான். நல்லதாக ஒரு வார்த்தை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷனிடம் இப்படித்தான் பேசியிருக்கிறாள், அவனும் பழையதைத் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவான். ஊரில் குடிக்காத புருஷன்களை ஒரு கையில் எண்ணிவிடலாம், அதில் இவன் ஒருத்தன். இரண்டு வாரம் முன்பு அவள் கால் வீங்கியபோது, வெந்நீரில் உப்புப் போட்டு, தானே உட்கார்ந்து அமுக்கிவிட்டான். அப்போதும் ‘மெதுவா அமுக்கேன்யா, மாட்டுக் காலா இது’ என்றுதான் அவள் சொன்னாள்.

“ஒண்ணும் இருக்காதுக்கா” என்று மாலா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சொல்லும்போதே மாலாவுக்கு அழுகை வந்துவிட்டது.

நத்தமேட்டில் பஸ் நிற்கும் முன்னாலேயே அன்னக்கிளி இறங்கி ஓடினாள். பின்னால் எல்லாரும் ஓடினார்கள். வாசலில் பாவாடையும் கலைவாணனும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில், துக்கம் விசாரிக்க அவர்களோடு வந்த அபி. எதிரில், கையில் டீச்சட்டியோடு, முழுசாக, உயிரோடு சாமிக்கண்ணு.

“வந்துட்டியா? டீயில சக்கர பத்தலன்றாரு பாவாடை. சக்கர டப்பாவ எங்க வச்ச?”

அன்னக்கிளி டிபன் பையாலேயே அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். “போன எங்கய்யா வச்ச? போன எங்கய்யா வச்ச?”

“உள்ள சார்ஜில... ஏண்டி, டீ கொட்டுது, இன்னாத்துக்கு அடிக்கிற?”

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் டீச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றான். செந்தமிழ்ச்செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். அது தெரு முழுக்கப் பற்றிக்கொண்டது.

பாவாடை மட்டும் சிரிக்கவில்லை. “பொங்கலுக்கே பாதி பேரு வருவீங்க. ஒருத்திகூட இல்லன்னா நான் இன்னான்னு நெனைக்கிறது? எந்த வூட்ல இழவோன்னு வண்டி ஓட்ற வரைக்கும் மனசு அடிச்சிக்கிச்சு. மாலைய வாங்கிகினு வந்தா, இந்த மனுஷன் மாட்டைக் குளிப்பாட்டிகினு, அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒளிஞ்சிகினாளுங்கன்றான். என்னைப் பாத்தா ஒளியணும்? நான் இன்னா போலீஸா?”

“உங்களப் பாத்து இல்லண்ணா” என்றாள் மாலா. “இந்த மேடத்தப் பாத்து.”

அபி எழுந்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாமிக்கண்ணு அவளிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மேலிடத்துப் பேச்சை, சார் சொல்லக்கூடாது என்றதை, அவள் இப்போது சொன்னாள். அன்னக்கிளிக்குக் கண்ணீர் நின்றுபோயிற்று.

“அப்ப பஸ்ஸ நிறுத்திடுவாங்களா?”

“இன்னிக்குக் கணக்குப்படி நத்தமேட்டுல ஏறினது யாருமில்லக்கா.”

“நான்தான் சொன்னேன். ஏறாதீங்கடின்னு இவளுங்களுக்கு நான்தான் சொன்னேன்.” அன்னக்கிளி சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தாள். ஒருத்தியும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அத்தனை வீட்டு அடுப்பிலும் அவளே தண்ணீரைக் கொட்டின மாதிரி ஆயிற்று.

அபி தயங்கினாள். “ஒரு வழி இருக்குது. திருவிழா, பந்த், சாவு, இந்த மாதிரி நாள்ல எடுத்த கணக்கை அடிச்சிட்டு இன்னொரு நாள் எடுப்போம். காலைல பாவாடை அண்ணன் சொன்னத நம்பி, ஊருல துக்கம்னு நான் எழுதியும் வச்சிட்டேன்.”

“அப்புறம் இன்னா? அப்டியே இருக்கட்டும்!” என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

“செத்தது யாருக்கா?” என்றான் கலைவாணன்.

“எங்க மாமியார போட்டுக்கோ. காதுல வுழாது.”

மறுபடி சிரிப்பு. சாமிக்கண்ணுவின் ஆடு அந்தச் சந்தடியில் மாலையை நாற்காலியிலிருந்து இழுத்துப்போட்டுப் பாதி தின்றுவிட்டிருந்தது. யாரும் விரட்டவில்லை. சாவுக்கு வாங்கின மாலையை வீட்டுக்குள் எடுக்கவா முடியும்?

அபி சிரித்தாள், ஆனால் தலையாட்டினாள். “தெரியாம எழுதினது வேறக்கா. தெரிஞ்ச பெறவு என்னால முடியாது. நாளைக்கு யாராவது விசாரிச்சா, மொத்தக் கணக்கும் பொய்யுன்னு தூக்கிப் போடுவாங்க. உங்க ஊரு மட்டுமில்ல, சுத்தி இருக்கிற எல்லா ஊரும் போவும்.”

“பொய்யி வேணாம்” என்றாள் அன்னக்கிளி. மெஷின்மேல் சாமி படம் வைத்த அதே அன்னக்கிளிதான். “காலைலேர்ந்து செஞ்ச பொய்யிக்கே ஒரு தாலிய அறுத்துட்டு வந்தேன். நடந்தத நடந்த மாதிரி எழுதும்மா. சலுகை கெடைக்கும்னு நெனச்சு ஒளிஞ்சிகினாளுங்க, யோசனை சொன்னது அன்னக்கிளின்னு எம்பேரையே எழுது.”

“பேரெல்லாம் எழுத மாட்டேன். ஆனா அப்டித்தான் எழுதுவேன். தப்பு உங்களோடது மட்டும் இல்ல, நான் ஒழுங்கா சொல்லியிருக்கணும். சார்கிட்ட சண்டை போட்டாவது இன்னொரு நாள் வாங்குறேன். குடுப்பாரான்னு தெரியாது.”

“எந்த நாளு?”

“அத இந்த தபா சொல்லவே மாட்டேன்.”

சொல்லாமல் போனதில்தான் நத்தமேடு பட்ட பாடு. எந்த நாள் என்று தெரியாததால் எல்லா நாளும் அந்த நாளாகிவிட்டது. காய்ச்சல் வந்தவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். நாத்தனார் வீட்டு வளைகாப்பை மாலா சாயங்காலத்துக்கு மாற்றச் சொன்னாள். இதோடு நின்றால் பரவாயில்லை. ஆள் கூட்டிக் காட்டவேண்டும் என்று வேலைவெட்டி இல்லாதவர்களெல்லாம் தலை வாரிக்கொண்டு ஸ்டாப்பில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அன்னக்கிளி ஒவ்வொருத்தரையும் மடக்கினாள்.

“நீ எங்கடி கிளம்பிட்ட?”

“சும்மா, டவுனு வரைக்கும்...”

“சும்மா போறவ அடுத்த பஸ்ல போ. ஏறுறது எவ்ளோ பேரோ அவ்ளோ பேருதான் ஏறணும். கூட்டியும் வேணாம், கொறச்சும் வேணாம். ஒரு தபா பட்டது போதும்.”

ஒருநாள் சாமிக்கண்ணுவே இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். அவனையும் அவள் விடவில்லை. “எங்க வந்த? மாட்ட யாரு பாக்குறது?” என்றாள். பிறகு எல்லாரும் பார்ப்பதைப் பார்த்துக் குரலை இறக்கி, “வூட்டுக்குப் போய்யா. சூடா சோறு வச்சிருக்கேன், ஆறதுக்குள்ள சாப்புடு” என்றாள். அவன் காதில் விழுந்ததை நம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அபி எப்போது எண்ணினாள் என்று கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் பஸ்ஸின் கடைசி சீட்டில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்தான் அவள் என்று மாலா சத்தியம் பண்ணுகிறாள். அபியைக் கேட்டால் சிரிக்கிறாள். சாரிடம் எப்படிச் சண்டை போட்டாள் என்பதையும் அவள் சொல்லவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை என்று மட்டும் சொன்னாள்.

அறிக்கை போய், அதன்பேரில் உத்தரவு வருவதற்குள் கோடை வந்துவிட்டது. முதல் டிரிப் நிற்கவில்லை. செய்தியை பாவாடைதான் கொண்டுவந்தார். அன்னக்கிளி பஸ்ஸின் படியிலேயே நின்று, கம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏறினால்தானே வண்டியை எடுக்க முடியும் என்று கலைவாணன் விசில் ஊதினான்.

ஆனால் அபி படித்த பெண் ஆயிற்றே, பாதியில் விடுவாளா? நத்தமேட்டுப் பெண்கள் எந்தெந்த இடத்தில் வேலை செய்கிறார்கள், அங்கெல்லாம் எப்போது கதவு திறக்கிறார்கள், எத்தனை பேர் தாமதமாகப் போய்ச் சம்பளம் வெட்டுப்படுகிறார்கள் என்று விசாரித்து அதையும் எழுதிவிட்டாள். பஸ் இன்னும் முன்னால் கிளம்பினால் யாருக்கும் சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்று கண்டுபிடித்தும் சொல்லிவிட்டாள். அதையும் மேலே ஒப்புக்கொண்டார்கள். இப்போது முதல் டிரிப் கால் மணி நேரம் முன்னால் வருகிறது. சம்பள வெட்டு நின்றது உண்மை. ஆனால் அந்தக் கால் மணி நேரத் தூக்கம் போனதை ஒருத்தியாலும் தாங்க முடியவில்லை. குழம்பு கொதிக்கும் முன்னே இறக்கவேண்டியிருக்கிறது. தலையைப் பஸ்ஸில் வந்துதான் பின்ன முடிகிறது.

இன்னொரு ஊரைக் கணக்கெடுக்கிற வேலையில் அபி சில நாள் அதே பஸ்ஸில் வருவாள். கதிர்காமத்தில் அவள் ஏறியதுமே வசவு ஆரம்பித்துவிடும். அவளுக்கென்று ஜன்னலோரத்தில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பதும் அவர்கள்தான்.

“வாம்மா, எங்க தூக்கத்துல மண்ணள்ளிப் போட்டவளே” என்பாள் அன்னக்கிளி, தன் டிபனைத் திறந்து ஒரு இட்லியை அவள் கையில் திணித்தபடி. “துன்னு. நீயும் துன்னுருக்க மாட்ட. இனிமே எங்க ஊரப் பத்தி ஒரு வரி எழுதின, அவ்ளோதான். இன்னும் கொஞ்சம் வுட்டா, ராத்திரியே வந்து பஸ்ல படுத்துக்கச் சொல்லுவ.”